கீறல் இல்லை என்று எழுதினேன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாக எழுதுகிறேன். போன வாரம் நம் காரைக்குடிக் கடையின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். புதிதாக ஏற்றியிருந்த பழைய இசைத்தட்டுகள் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றுக்கும் கீழே ஒரே வரி: 'நல்ல நிலையில் உள்ளது, லேசான உபயோகத் தடங்கள் இருக்கலாம்.' வெவ்வேறு வீடுகளில், வெவ்வேறு கைகளில், வெவ்வேறு ஊசிகளுக்கு அடியில் ஓடிய நாற்பத்தொரு தட்டுகள் ஒரே மாதிரித் தேய்ந்து வந்திருக்கின்றன என்று நம்ப நான் தயாராக இல்லை. 'இருக்கலாம்' என்றால் என்ன? இருக்கிறதா, இல்லையா? கேட்டீர்களா? கேட்டவர் பெயரெழுத்து எங்கே?

கேட்காமல் எழுதியிருக்கிறீர்கள். இப்படிச் சொல்வதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, முழுதாகப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

நான் அந்தக் கடையில் பதினான்கு வருடம் தட்டுகளைக் கேட்டு விவரம் எழுதினேன். அதற்கு முன் முப்பத்தொரு வருடம் தொலைபேசித் துறையில் லைன் பழுது பார்த்தேன். இரண்டும் ஒரே வேலைதான். ஒரு சத்தம் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும்.

துறையில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவர் விரும்ப மாட்டார். ஒருமுறை அரியக்குடியில் ஒரு ரைஸ் மில்லில் போனை எடுத்தால் 'டிக் டிக்' என்று சத்தம் வருவதாகப் புகார். எங்களுக்கு முன்னால் மூன்று பேர் போய், மூன்று முறையும் 'லைன் பழுது' என்று எழுதிக் கம்பியை மாற்றியிருந்தார்கள். அவர் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். மில் ஆபீசில் போன் இருந்த மேசைக்கு மேலே ஒரு பெரிய சுவர்க் கடிகாரம். அவர் ஸ்டூலில் ஏறி, ஒரு விரலால் பெண்டுலத்தை நிறுத்திவிட்டு, "இப்பப் பேசுங்க" என்றார். சத்தம் இல்லை.

திரும்பி வரும் வழியில் சொன்னார்: "தெரியலைன்னா தெரியலைன்னு எழுது. தெரிஞ்சதை எழுதிட்டா அழிக்காத. நடுவுல எதுவும் எழுதாத."

இந்த மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டுதான் நாற்பத்தைந்து வருடம் வேலை பார்த்தேன். முதல் இரண்டையும் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது கண்டனூர்த் தட்டு விஷயத்தில்தான் எனக்குப் புரிந்தது.

கடைக்கார ஆச்சிக்குப் பெரியம்மா மகன் வீடு கண்டனூரில் இருக்கிறது. கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற வீடு. அண்ணன் தம்பிகள் சாமான்களைப் பிரித்துக்கொண்டபோது, மாடியில் ஒரு தேக்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள் கிடந்தன. அறுபத்து மூன்று. எல்லாமே ஜாஸ். அந்த வீட்டில் ஒருவர் பினாங்கில் தொழில் பார்த்தவர். மற்றவர்கள் அங்கிருந்து கண்ணாடியும் பீங்கானும் கொண்டுவந்தபோது இவர் இதைக் கொண்டுவந்திருக்கிறார். தம்பிகளுக்கு அது வேண்டாம். ஆச்சி எடுத்துக்கொண்டுவிட்டார்.

எனக்கு ஜாஸ் தெரியாது என்று நினைத்தவர்கள் உண்டு. பதினான்கு வருடத்தில் நான் இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்ட ஜாஸ் தட்டுகள் ஆயிரத்து நூற்று ஆறு. அவற்றில் எனக்குப் பிடித்தவை நாற்பது இருக்கும். பிடிப்பது வேறு, கேட்பது வேறு. நான் சம்பளம் வாங்கியது கேட்பதற்கு.

அப்போது கடையில் ஒரு வழக்கம் இருந்தது. உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எந்தத் தட்டும் இரண்டு பக்கமும் முழுதாக ஓடி முடியாமல் இணையத்தில் ஏறாது. விவரத்தின் கடைசியில் கேட்டவர் தன் பெயரெழுத்தைப் போட வேண்டும். என் பெயர் சூசை. ஆகவே 'சூ.' என்று இருக்கும். அந்த எழுத்து இருந்தால், இந்தக் காது இந்தத் தட்டைக் கேட்டது என்று அர்த்தம். அலங்காரம் இல்லை.

அந்தப் பெட்டியில் ஒரு கச்சேரிப் பதிவு. பியானோ, டிரம்ஸ், பேஸ், மூன்றே பேர். பேஸ் என்பது ஆள் உயர வயலின் மாதிரி இருக்கும், நின்றுகொண்டு வாசிப்பார்கள். இரண்டாம் பக்கத்தில் இரண்டாவது உருப்படி மெதுவாகப் போவது. அதில் மற்ற இருவரும் நிறுத்திவிட, பேஸ் மட்டும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசும். அந்த இடத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு மறுபடி ஒரு டொக். நான் அந்த இடத்தை மூன்று முறை கேட்டேன். பிறகு எழுதினேன்:

'பேஸ் தனியாக வரும் இடத்தில் ஒரு டொக் ஒலி விட்டு விட்டுக் கேட்கிறது. அது பதிவிலேயே இருப்பது. அதே பகுதியில் தட்டின் மேல் ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. அது கேட்கவில்லை. கீறல் இல்லை. சூ.'

தட்டை வாங்கியவர் கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டர். தமிழ் பேசும் ஜாஸ் ரசிகர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு இணையத்தில் கூடுவார்கள். யார் என்ன கச்சேரிக்குப் போனார்கள், எந்தப் பதிப்பு நன்றாக இருக்கிறது, எந்தக் கடையில் வாங்கினால் ஏமாற மாட்டோம் என்று பேசுவார்கள். டாக்டர் அந்தக் கூட்டத்தில் முக்கியமானவர். நம்மிடம் ஜாஸ் வாங்குகிற பத்துப் பேரில் ஏழு பேர் அந்தக் கூட்டத்து ஆட்கள். இது ஆச்சிக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை புகார் வந்தது. இதே கச்சேரி கணினிப் பதிவாகவும் வந்திருக்கிறது, அதில் டொக் இல்லை, ஆகவே டொக் தட்டின் கோளாறு, கோடு இருப்பதாக விவரம் எழுதியவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், கீறலை மறைத்து விற்றிருக்கிறார்கள். படித்தவர் எழுதிய புகார். ஒன்றன் பின் ஒன்றாகச் சரியாக அடுக்கியிருந்தார். எல்லா அடுக்கும் சரி, முடிவு தவறு.

அந்த மழைக்காலத்தில் இரண்டு பார்சல்கள் வழியில் நனைந்து, தட்டு நெளிந்து, ஏற்கெனவே இரண்டு புகார்கள் நம் கணக்கில் நிரூபணம் ஆகியிருந்தன. மூன்றாவதும் நிரூபணம் ஆனால், நம் பக்கம் இருக்கும் இணைய விற்பனைத் தளம் கடையை நிறுத்திவைக்கும். விசாரித்துத் திறக்க எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. கடையில் நாங்கள் நான்கு பேர்.

ஆச்சி என் மேசைக்கு வந்தார். வழக்கமாகத் தன் அறையிலிருந்தே கூப்பிடுவார். எழுந்து வந்தால் விஷயம் பெரிது.

"சார், டாக்டர் காசு கூட வேணாங்கிறாரு. 'விவரம் தப்பு, அது கீறல்தான்'னு அந்தக் கூட்டத்துல ஒரு வரி எழுதிப்பிட்டா புகாரை எடுத்துக்கிருவாராம். ஒரே வரி."

"காசைத் திருப்பிக் கொடுத்துருங்க ஆச்சி. தட்டையும் அவரே வச்சுக்கட்டும்."

"அதத்தான் வேணாங்கிறாருல்ல."

"நம்ம குடுக்கக்கூடியது அவருக்கு வேணாம். அவரு கேக்குறது நம்மகிட்ட இல்ல."

"நீங்க என்ன கோர்ட்டுலயா நிக்கிறீக? ஒரு பல் டாக்டர் முன்னாடி நிக்கிறீக. கோடு இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீக. கோடு இருந்தா கீறல்னுதானே சொல்லுவாக."

"கண்ணுக்குத் தெரிஞ்சா கோடு. ஊசிக்குத் தெரிஞ்சாத்தான் கீறல்."

"இதையெல்லாம் எங்குட்டுப் போயி நான் சொல்ல? சரி, நீங்க எழுத வேணாம். நானே எழுதிப்பிடுறேன்."

"எழுதுங்க. கீழே உங்க எழுத்தைப் போடுங்க. 'சூ.'ன்னு இருக்கிற இடத்துல என் காதுதான் பேசணும்."

 கோபக்காரர் இல்லை ஆச்சி. கணக்குப் பார்த்துத்தான் கோபப்படுவார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்குறேன். திங்கக்கிழமை காலையில நான் எழுதிப்பிடுவேன். அப்புறம் உங்க காது வீட்டுலயே இருக்கட்டும்."

அவருக்குப் பதில் சொல்வது எளிதாக இருந்தது. பாக்கியத்துக்குச் சொல்லத்தான் முடியவில்லை. தட்டுகளைப் பொதிகிற பாக்கியத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இன்றும் அதே மூலையில்தான் அட்டை வெட்டிக்கொண்டிருப்பாள். அன்று அட்டையை வெட்டிக்கொண்டே தலை நிமிராமல் பேசினாள்.

"சார், எனக்கு ஜாசும் தெரியாது, பேசும் தெரியாது. கடைய மூடுனா நான் மறுபடி சாக்குத் தைக்கப் போகணும். அது மட்டுந்தான் தெரியும்."

"கீறல் இல்ல பாக்கியம்."

"இல்லாமப் போகட்டும். இருக்குன்னு சொன்னா அந்தத் தட்டு அழுகவா போகுது? உங்களுக்கு பென்சன் வருது. கீறலோ கோடோ, ஒண்ணாந்தேதி வந்துருது."

அவள் சொன்னது உண்மை.  பிடிவாதம் பிடிப்பதற்கு வசதி வேண்டும். எனக்கு அது இருந்தது. ஆனால் அன்று மாலை பாதிக் காரைக்குடியைச் சுற்றி நடந்தபடி யோசித்தேன். சொல்லை மாற்றினால் என்ன ஆகும்? தட்டு அழாது, சரி. 'கீறல்' என்று ஒருமுறை எழுதிவிட்டால் இனி அந்தத் தட்டு எந்தக் கைக்குப் போனாலும் அங்கே கீறல்தான் கேட்கும். இருப்பதை இல்லை என்பதும் இல்லாததை இருக்கிறது என்பதும் ஒரே பொய்தான். இரண்டாவதற்கு அடக்கம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். காசைத் திருப்பிக் கொடுக்கலாம். கேட்டதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆனால் பாக்கியத்தின் அட்டைகள் என் கண்முன்னே இருந்தன. மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பது மட்டும் போதாது. நான் சரி என்றால், அதை டாக்டரின் காதே சொல்ல வேண்டும். தட்டு அவரிடம்தானே இருக்கிறது.

அவருக்கு எழுதினேன்: 'ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அந்த இடத்தை ஒருமுறை போடுங்கள். நானும் வருகிறேன். அது கீறல்தான் என்று நீங்கள் பார்த்துச் சொன்னால் அங்கேயே எழுதித் தருகிறேன்.' ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: 'வாங்க சார். நான் ரெடி.'

ஞாயிறு காலைப் பூசையில் பிரசங்கம் என்ன என்று எனக்கு நினைவில்லை. கரண்டு போகுமா, நெட் போகுமா என்பதுதான் யோசனை. மூன்று மணிக்கே கடையைத் திறந்து இரண்டு சார்ஜர், மூன்று இயர்போன் எடுத்து வைத்தேன். ஆச்சி வந்து, கேமராவில் விழாமல் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். விடுமுறை நாளில் பாக்கியமும் வந்து பின்னால் நின்றாள். எதற்கு வந்தாய் என்று நான் கேட்கவில்லை.

திரையில் பதினேழு முகங்கள். அவர்கள் தங்கள் வழக்கமான பேச்சில் இருந்தார்கள். விளம்பரத் துறைக்காரர் ஒருவர், சென்னை, வெளிநாட்டில் தான் கேட்ட ஒரு கச்சேரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் மூணாவது வரிசை. டிரம்மர் வேர்வை என் மேல தெறிச்சுது."

"போன மாசம் சொன்னப்ப அஞ்சாவது வரிசை," என்றார் சிங்கப்பூரில் இருக்கும் ஓர் அம்மா.

"விடுங்க, தீபாவளிக்குள்ள மேடை ஏறிடுவார்," என்றார் இன்னொருவர்.

வேறொருவர் இணையத்தில் அரிய பதிப்பு என்று ஒன்றை வாங்கியிருக்கிறார். அட்டை சரியாக வந்திருக்கிறது. உள்ளே இருந்த தட்டு பக்திப் பாடல்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். "அதுல ஒரு கீறல் கூட இல்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நான் இருப்பது ஞாபகம் வந்து இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

டாக்டர் மரியாதையாக என்னை அறிமுகம் செய்தார். சென்னைக்காரர் விடவில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பித்தளை அண்டா, மரத்தூண் விக்கிற ஊர்ல ஜாஸ் ரெக்கார்டுக்கு விவரம் எழுதினா இப்படித்தான் வரும்."

"அண்டாவுல ஓட்டைன்னா ஓட்டைன்னு எழுதுவோம். நசுங்கல்னா நசுங்கல்னு எழுதுவோம். நசுங்கல ஓட்டைன்னு எழுதச் சொன்னா எழுத மாட்டோம்," என்றேன். ஆச்சி பக்கத்தில் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

டாக்டரிடம் சொன்னேன். "ஒரு சின்னச் சீட்டுக் கிழிச்சு, தட்டு நடுவுல லேபிள் மேல ஒட்டுங்க. அந்தக் கோடு எந்தப் பக்கம் இருக்கோ, அதுக்கு நேரா."

"ஒட்டியாச்சுங்க."

"கீறல்ங்கிறது தட்டுல ஒரே இடத்துல இருக்கும். அந்த இடம் ஊசிக்கு வர்றப்பதான் சத்தம் போட முடியும். சீட்டு ஊசியைக் கடக்கிறப்ப டொக் வந்தா கீறல். எல்லாத் தடவையும் அப்படி வந்தா நான் எழுதித் தர்றேன்."

அவ்வளவுதான் சோதனை. உங்களுக்கும் இதற்கு மேல் எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு சீட்டு, கொஞ்சம் பசை.

டாக்டர் தன் போனைத் தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு ஊசியை இறக்கினார். பியானோ ஓய்ந்தது. டிரம்ஸ் ஓய்ந்தது. பேஸ் தனியாக வந்தது.

டொக். சீட்டு சரியாக ஊசிக்கு அடியில்.

டொக். சீட்டு ஊசியைத் தாண்டி ஒரு கட்டைவிரல் அகலம்.

"ரெண்டு தடவையும் வந்துச்சுங்க," என்றார் டாக்டர்.

 ஆச்சியின் கை என் நாற்காலியின் கைப்பிடிமேல் இருந்தது. எனக்குப் பயம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. கேட்டது எனக்கு நிச்சயம். ஆனால் மனிதர்கள் தாங்கள் பார்ப்பதைச் சொல்வார்களா என்பது நிச்சயம் இல்லை.

மூன்றாவது டொக். சீட்டு இன்னும் தள்ளி.

"நெட்ல சத்தம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் வருது. இதை வச்சு எதுவும் சொல்ல முடியாது," என்றார் சென்னைக்காரர். நியாயமான ஆட்சேபம்தான்.

"அப்ப நாங்க யாரும் பாக்க வேணாம். டாக்டர் நேர்ல பாக்குறார், நேர்ல கேக்குறார். அவரே சொல்லட்டும். டாக்டர், முதல்லேருந்து மறுபடி போட்டுட்டுப் போனைக் கீழ வச்சிருங்க. நீங்க மட்டும் பாருங்க."

படம் போய் அவர் வீட்டுக் கூரை தெரிந்தது. மின்விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. டொக். டாக்டர் பேசவில்லை. டொக். அப்போதும் பேசவில்லை. ஆச்சியும் பாக்கியமும் திரையில் இருந்த மற்றவர்களும் நானும் ஒரு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடை அந்த நேரத்தில் டாக்டர் வாயில் இருந்தது. அவர் புகார் கொடுத்தவர். நீதிபதியும் அவரே. அவர் சும்மா 'கீறல்தான்' என்று சொல்லியிருந்தால் நான் சொன்ன சொல்படி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

"டாக்டர், அஞ்சாவது டொக்குக்குச் சீட்டு எங்க இருந்துச்சு?"

"எதிர்ப்பக்கங்க," என்றார்.

 பேஸ்தான் பேசிக்கொண்டிருந்தது. பத்தாவது டொக்குக்கு அவர் மறுபடி போனை எடுத்துக் காட்டினார். சீட்டு ஒரு முழு வட்டம் தள்ளிப் போய்த் திரும்ப ஊசிப் பக்கம் வந்திருந்தது.

"பாத்தீங்களா, ஊசிக்கிட்டதான் இருக்கு," என்றார் சென்னைக்காரர்.

"பொறுங்க சார்," என்றார் டாக்டர். "நடுவுல ஊரெல்லாம் சுத்திட்டு வந்திருக்குதுங்க."

அவர்கள் ஏன் ஏமாந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் காது மந்தம் இல்லை. தாளம் எண்ணிக் கேட்கிறவர்கள் அவர்கள். அந்த உருப்படியின் நடை, தட்டு சுற்றும் வேகத்துக்கு மிக அருகில் இருந்தது. தட்டு மூன்று நிமிடத்துக்கு நூறு சுற்றுச் சுற்றும்; டொக் அதைவிடக் கொஞ்சம் நிதானம். இரண்டு மூன்று முறை கேட்டால் ஒன்று போலத் தெரியும். பத்து முறை கேட்டால்தான் விலகுவது தெரியும். கோடு வேறு கண்ணில் பட்டுவிட்டது. கண்ணில் பட்ட பிறகு யாரும் பத்து முறை கேட்பதில்லை. நீங்கள் விளக்கடியில் தட்டைத் திருப்பிப் பார்த்து எழுதுகிறீர்களே, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

இனி இரண்டாவது பகுதி. முதல் பகுதியைவிட இதுதான் கடினம், ஏனென்றால் இதில் எல்லோரும் என் பக்கம் வந்துவிட்டார்கள்.

"அப்ப அது என்ன சத்தம்?" என்று யாரோ கேட்டார். அடுத்த அரைமணி நேரம் அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. பேஸ்காரர் காலால் தாளம் போடுகிறார் என்றார் ஒருவர். பேஸின் அடிமுனை மரத்தரையில் நழுவுகிறது என்றார் ஒருவர். கிழவர் யாராவது கைத்தடியைத் தட்டியிருப்பார் என்றார் ஒருவர். கணினிப் பதிவில் சுத்தம் செய்கிறேன் என்று அதையும் சேர்த்துத் துடைத்திருக்கிறார்கள் என்றார் சிங்கப்பூர் அம்மா. டொக்கைத் துடைத்தவர்களை எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதே டொக்குக்காக என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள்.

சென்னைக்காரர் என் பக்கம் திரும்பினார். குரலே மாறியிருந்தது.

"சார், உங்க காது பெரிய காது. நீங்க சொல்லுங்க. பேஸ் வாசிக்கிறவர் கால்தானே அது?"

"தெரியாதுங்க."

"தெரியாமலா இவ்வளவு உறுதியா எழுதினீங்க?"

"தட்டுல இல்லைங்கிறதை உறுதியா எழுதினேன். யாருதுன்னு எழுதலையே."

"ஒரு வரி எழுதிக் குடுங்க சார். 'இது பேஸ் கலைஞரின் காலடி ஓசை'ன்னு, கீழே உங்க எழுத்து. கண்டனூர்ப் பெட்டியில மிச்சம் இருக்கிறது அத்தனையும் நான் எடுத்துக்கறேன்."

மிச்சம் இருபத்து மூன்று. ஆச்சி கேமராவுக்கு வெளியே தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், மேலும் கீழும். நான் பார்க்கவில்லை என்று நினைத்து என் முழங்கையை ஒரு பென்சிலால் குத்தினார்.

செவ்வாய்க்கிழமை ஒரு வரி கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வரி. முதலாவது கடையைக் காப்பாற்ற, இரண்டாவது கடையை வளர்க்க. இரண்டுக்கும் நடுவில் நான் கேட்டது மட்டும் அப்படியே இருந்தது.

"அந்த ஹாலுக்குள்ள நான் இல்லைங்க. கேட்டதைத்தான் எழுத முடியும். நீங்க வேணும்னா எழுதிக்கங்க, கீழே உங்க எழுத்தைப் போட்டுக்கங்க," என்றேன்.

அவர் வாங்கவில்லை.

திரையை அணைத்ததும் ஆச்சி எழுந்தார். "வேணாம்னு சொல்றதுக்குன்னே பெத்துப் போட்டிருக்காக உங்கள," என்றார். ஆனால் திங்கட்கிழமை வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

பாக்கியம் ஜன்னலைச் சாத்திக்கொண்டே கேட்டாள். "ஏன் சார், ஒரு காலுன்னு சொல்லிட்டா என்ன?"

"யாரு காலுன்னு கேப்பாங்க."

"எவனோ ஒருத்தன் காலு."

"கைத்தடியா இருந்தா?"

"கைத்தடின்னா அதப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் நின்னிருப்பான்ல. அவனுக்குக் காலு இருக்கும்ல."

பதினான்கு வருடத்தில் என்னை வாதத்தில் வென்றவர் அவள் ஒருத்திதான்.

திங்கட்கிழமை டாக்டர் புகாரை எடுத்துவிட்டார். தளத்தில் நான்கு நட்சத்திரம் கொடுத்து, 'பொதிந்த விதம் நன்று. விவரம் அவசியத்துக்கு மேல் நீளம்' என்று எழுதினார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை, மின்விசிறியைக் காட்டிக்கொண்டு 'எதிர்ப்பக்கங்க' என்று சொன்னாரே, அது போதும். பிறகு நம்மிடம் ஆறு தட்டுகள் வாங்கினார். ஒவ்வொரு முறையும் முதலில் ஒரே கேள்விதான் அனுப்புவார்: 'கேட்டவர் யார்?' இப்போது அனுப்பினால் நீங்கள் என்ன பதில் எழுதுவீர்கள்?

முழுதாகக் கேட்க நேரம் இல்லை என்பீர்கள். எனக்கும் இல்லை. வாரத்துக்கு இருபது தட்டுக்கு மேல் ஏற்ற முடியவில்லை என்று ஆச்சி என்னிடம் வருத்தப்படாத மாதம் கிடையாது. வருத்தப்படட்டும். இருபதும் இருபது விதமாக இருந்தன. உங்கள் நாற்பத்தொன்றில் ஒன்றைக்கூட நான் வாங்க மாட்டேன்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. நம் இணையப் பக்கத்தில் 'விற்றவை' என்று ஒரு பகுதி உண்டு. அந்தக் கச்சேரித் தட்டை ஆச்சி அதில் எல்லோரும் பார்க்கும்படி முதலிடத்தில் வைத்திருக்கிறார். அதன் விவரத்தில் என் வரிகளுக்குப் பிறகு, 'சூ.' என்ற எழுத்துக்கு முன்னால், 'இது பேஸ் கலைஞரின் காலடி ஓசை என்று கருதப்படுகிறது' என்று ஒரு வரி இருக்கிறது. நான் எழுதியது இல்லை. நான் வேலையில் இருந்தபோது அதை மூன்று முறை எடுத்தேன். நான்கு முறை வந்தது. நான்காவது முறை வந்தது, நான் ஓய்வு பெற்ற மறுநாள்.

இன்று காலையும் பார்த்தேன். இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள், என்னால் உள்ளே போக முடியவில்லை. புதிய கடவுச்சொல் உங்களிடம் இருக்கும். யாராவது ஒருவர் அந்த வரியை எடுத்துவிடுங்கள். எடுக்க மனம் வராவிட்டால், அதற்குக் கீழே உள்ள என் எழுத்தை எடுத்துவிட்டு உங்கள் எழுத்தைப் போடுங்கள்.